சானடோரியம்: ஏறிய உடல்களும் சுமந்த தோள்களும்

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற மின்ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 'சானடோரியத்துல எறங்கி ஷேர் ஆட்டோ புடிச்சு வந்துடு' என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும் நம்மில் யாரும் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நின்று யோசிப்பதில்லை. ஊர்ப்பெயராகிவிட்ட எந்தச் சொல்லுக்கும் இதுதான் கதி. ஆனால் இந்தச் சொல்லுக்கு ஒரு பயண வரலாறு இருக்கிறது. காலனியக் காலத்தில் அது மலையைச் சேர்ந்த சொல். சமவெளியின் வெயிலிலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் ஓர் உடலைப் பிரித்தெடுத்து உயரத்துக்குக் கொண்டுபோய் வைக்கும் ஏற்பாட்டுக்கு அப்படிப் பெயர். யாருடைய உடல், யார் கொண்டுபோய் வைத்தார்கள், அந்தச் சொல் எப்படி மலையிலிருந்து இறங்கி நம் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது என்பதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குகிற ஒருவர் மலைவாசஸ்தலத்துக்குப் போக வேண்டுமானால் இன்று என்ன செய்வார்? வசதியுள்ளவர் மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ இன்னொரு விமானம் மாறி அங்கிருந்து கார் எடுப்பார். மற்றவர் எதிரே திரிசூலம் நிலையத்தில் மின்ரயில் ஏறித் தாம்பரம் வந்து, பாண்டியன் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தால் விடிகாலையில் கொடைரோட்டில் இறங்குவார். கிடைக்காவிட்டால் 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையம் இருக்கவே இருக்கிறது. பிறகு வத்தலக்குண்டு, அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். வத்தலக்குண்டைத் தூக்கத்தில் கடந்துபோகும் இலக்கிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர், 'மணிக்கொடி' பி.எஸ். ராமையா, 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா மூவரும் அந்த ஊர்க்காரர்கள். கட்டுரைக்கு இது சம்பந்தமில்லாததுதான். ஆனாலும் நம் பத்திரிகை மரபின் பாட்டன்மார் அந்த மலையின் அடிவாரத்திலிருந்து கிளம்பியவர்கள் என்பதைச் சொல்லாமல் தாண்டிப்போக மனசு வரவில்லை.

இந்தப் பயணத்தில் ஒரு வேடிக்கை, நாம் கிளம்புகிற இடமும் மலைதான். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், பச்சைமலை, திருநீர்மலை. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில். கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பல்லாவரப் பாறையை ஒத்தது என்று கண்டு, 1893இல் டி.எச். ஹாலண்ட் அந்தப் பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் அதே பாறை வகையால் ஆனவை. அங்கே அந்தப் பாறையின் நுனியில் கம்பி வேலி போட்டு 'வியூ பாயிண்ட்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். இங்கே அதே பாறையை வெடிவைத்துத் தகர்த்து ஜல்லியாக்கி நகரத்துக்கு அனுப்பிவிட்டோம். மிச்சம் இருப்பவை பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கல்குட்டைகள். ஒரே கல்லுக்கு இரண்டு விதி. இயற்கை என்பது தானாக இயற்கையாக இருப்பதில்லை, யாருடைய பார்வைக்கு அது நிறுத்திவைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது இயற்கையாகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

1834 ஜூனில் மெக்காலே சென்னைக் கடற்கரையில் வந்திறங்கினார். அவர் சந்திக்க வேண்டிய கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உடம்பு சரியில்லாமல் உதகமண்டலத்தில் இருந்தார். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி அப்போது பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. ரயில் கிடையாது. சென்னை மாகாணத்தின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்ப இன்னும் 22 வருஷம் இருந்தது. மெக்காலே பெங்களூர், மைசூர் வழியாக, சுமார் 400 மைல், பல்லக்கில் போனார். மனிதர்களின் தோள்மேலேயே அந்தத் தூரம் முழுவதும் வந்ததாக அவரே கடிதத்தில் எழுதுகிறார். எட்டு மாதம் கழித்து, 1835 பிப்ரவரி 2ஆம் தேதி, புகழ்பெற்ற அந்தக் கல்விக் குறிப்பில் கையெழுத்திட்டார். கீழைத்தேய நூல்கள் எல்லாம் சேர்ந்தும் ஓர் ஐரோப்பிய நூலக அலமாரியின் ஒரு தட்டுக்கு ஈடாகாது என்கிற வாதத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதை எழுதியவரின் உடலை நானூறு மைல் யார் சுமந்தார்கள் என்பதைப் பற்றிப் பேசியதே இல்லை. தமிழ் எம்.ஏ. வகுப்பில் மெக்காலேயை எனக்கு ஒரு கருத்தாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கருத்துக்கும் எடை உண்டு, அதைத் தூக்க ஆள் வேண்டும் என்பது பாடத்தில் இல்லை.

சுமப்பதைப் பற்றி நம்மிடம் பிரதிகள் இல்லாமலில்லை. குறளின் 37ஆவது பாட்டில் சிவிகையைச் சுமப்பவனும் அதில் ஊர்பவனும் வருகிறார்கள். பரிமேலழகர் அதை அறத்தின் பயனுக்குக் கண்கூடான சாட்சியாக வாசிக்கிறார்: நூலைப் புரட்ட வேண்டாம், இந்த இருவரையும் பார்த்தாலே விளங்கிவிடும் என்று. பின்னால் வந்த உரைகாரர்களில் சிலர் அதே சொற்களைப் பிடித்து, இந்த இருவருக்கும் இடையிலான நிலையைக் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்று நேர் எதிராக வாசிக்கிறார்கள். இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. எந்த வாசிப்பு எந்தக் காலத்தில் செல்லுபடியாகிறது என்பது இலக்கணத்தின் கையில் இல்லை. 2022இல் தருமபுரம் ஆதீனத்தின் பட்டினப் பிரவேசத்தில் பல்லக்கு சுமப்பதற்குக் கோட்டாட்சியர் தடை விதித்தார். பெரும் சர்ச்சைக்குப் பின் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. அப்போது முன்வைக்கப்பட்ட முக்கிய வாதம், 'நாங்களாக விரும்பித்தான் சுமக்கிறோம்' என்பது. விருப்பத்தின் சமூக வரலாறு என்று ஒன்று எழுதப்பட வேண்டும். அது எழுதப்படும் வரை இந்த வாதத்துக்குப் பதில் சொல்வது சிரமம்.

ஊட்டி அரசாங்கத்தின் மலை. 1870 தொடங்கி அது மாகாணத்தின் கோடைத் தலைநகர். கோப்புகளும் குமாஸ்தாக்களும் வருஷாவருஷம் மேலேறி இறங்கினார்கள். சென்ட்ரலிலிருந்து அகலப் பாதையில் போய், 1873இல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. பல்சக்கர ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. அது வேறு பாதை, வேறு கதை. நம் தாம்பரம் வழியாகப் போகிற எழும்பூர்ப் பாதை மிஷனரிகளின் மலைக்குப் போவது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷன் 1834இல் மதுரையில் வேலையைத் தொடங்கியது. காலராவிலும் காய்ச்சலிலும் ஆட்கள் செத்தார்கள். ஓய்வுக்காக முதலில் சிறுமலையை முயன்றார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் பழனி மலையில் சுமார் 7,000 அடி உயரத்தில் சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். கொடைக்கானல் என்கிற 'ஊர்' அப்படித் தொடங்கியதாகத்தான் சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. அதற்கு முன்பே அந்த மலையில் பளியர் இருந்தார்கள், புலையர் இருந்தார்கள், பூம்பாறையிலும் வில்பட்டியிலும் குன்னுவர்கள் விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள், புலையரின் உழைப்பை அடிமைத்தனத்துக்கு நெருக்கமான ஏற்பாடுகளில் வைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் வருவதற்கு முந்தைய மலையைச் சமத்துவப் பூங்காவாகச் சித்திரிக்கும் ஆசை நம்மில் சிலருக்கு உண்டு. அந்த ஆசைக்கு நான் உடன்படவில்லை. ஆனால் மலை வெறும் காற்றாகவும் குளிராகவும் மட்டும் பார்க்கப்படத் தொடங்கியது 1845க்குப் பிறகுதான்.

1875இல் திருச்சி மதுரை ரயில் பாதை வந்தது. 1880 வாக்கில் சென்னையிலிருந்து மீட்டர்கேஜ் தொடர்ச்சி ஏற்பட்டது. அம்மையநாயக்கனூர் நிலையம் கொடைக்கானல் ரோடு ஆனது. ஆனால் ரயில் நிலையத்துக்கும் மலை உச்சிக்கும் இடையில் இன்னும் ஓர் இரவும் ஒரு பகலும் இருந்தன. ராத்திரி முழுக்க மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம், கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. விடிந்ததும் அங்கிருந்து செங்குத்துப் பாதை. சிலர் குதிரையில், சிலர் நடந்து, பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் நாற்காலியில். மூங்கில் கழிகளில் பிணைத்த நாற்காலி. ஆட்கள் முறைவைத்து மாறி மாறிச் சுமப்பார்கள். சாமான்கள் தலைச்சுமையாகப் போகும். அந்தப் பாதைக்கு ஆங்கிலத்தில் 'கூலி காட்' என்றே பெயர். கூலி என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி வாதங்கள் உண்டு. நம்மிடம் அது கொடுக்கப்படுகிற காசுக்குப் பெயர். ஆங்கிலத்துக்குப் போனதும் வாங்குகிற மனிதனுக்குப் பெயராகி, பிறகு ஒரு பாதைக்கும் பெயராகிவிட்டது. நான் படித்த பயணக் குறிப்புகளில் ஏறியவர்களுக்குப் பெயரும் பட்டமும் இருக்கின்றன, சுமந்தவர்களுக்கு எண்ணிக்கை இருக்கிறது.

இந்தப் பாதையில் விஞ்ஞானமும் ஏறியது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக இருந்து அரசாங்க வானியலாளரானவர் சார்லஸ் மிக்கி ஸ்மித். சூரிய ஆய்வகத்துக்குக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். 1899இல் சென்னை வானாய்வுப் பணி அங்கே இடம்பெயரத் தொடங்கியது. 1909இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஆரவாட்டில் வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்து கண்டறிந்தார். மோட்டார் போகிற லாஸ் காட் சாலை 1914இல்தான் திறந்தது. ஆகவே தொலைநோக்கியின் பாகங்களும் ஆடிகளும் மாட்டின் கழுத்திலும் மனிதன் தலையிலும்தான் அந்த உயரத்துக்குப் போயிருக்க முடியும். சூரியனைப் பார்த்த கண்களின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது, அந்தக் கண்ணாடியை உடையாமல் மேலே கொண்டு சேர்த்த கைகளின் வரலாறு பாக்கி.

மலைவாசஸ்தலத்தின் கருத்தியல் அடிப்படை மருத்துவம்தான், பொழுதுபோக்கு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வெப்பம் வெள்ளை உடலைக் கெடுக்கிறது, தளர்த்துகிறது, ஒழுக்கத்தையும் தளர்த்துகிறது என்ற சொல்லாடல் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஓடியது. இந்த வெயிலில் பிறந்து வளர்ந்த உடலுக்கு வெயில் இயல்பு என்பது இதன் மறுபாதி. ஆக, ஒரே வெயில் ஓர் உடலுக்கு நோய், இன்னோர் உடலுக்கு விதி. உடல்களை இப்படி இரண்டாகப் பிரித்த பிறகு ஒன்றை மற்றொன்றின் மேல் ஏற்றி மலைக்கு அனுப்புவதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. சுமப்பவனுக்கும் மூச்சு வாங்கும், சமவெளிக்காரன் என்றால் மலைக்குளிர் அவனையும் வாட்டும் என்பது இந்த மருத்துவத்தின் பார்வைக்கு வெளியே இருந்தது.

இப்போது தாம்பரத்துக்கு இறங்குவோம்.

டாக்டர் டேவிட் சவ்ரி முத்து என்று ஒரு தமிழர். காசநோய் மருத்துவர். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். நோயாளிகள் வெள்ளைக்காரர்கள், வைத்தியர் கறுப்பர். 1914இல் கணிதமேதை ராமானுஜன் 'நெவாசா' கப்பலில் இங்கிலாந்து போனபோது இவர் சகபயணி. மூன்று வருஷம் கழித்து அதே ராமானுஜன் நோயாளியாக அவருடைய சானடோரியத்தில் போய்ச் சேர்ந்தார். திறந்தவெளிக் காற்று, ஓய்வு, சாப்பாடு, இவைதான் அன்றைக்குக் காசநோய்க்கு வைத்தியம். மருந்து என்று ஒன்று இல்லை. சவ்ரி முத்து ஊர் திரும்பி 1928இல் தாம்பரத்தில், பச்சைமலை அடிவாரத்தில், அதே முறையில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1931இல் கடற்கரை தாம்பரம் மின்ரயில் வந்தது. 1937இல் சானடோரியத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே 1937இல்தான் கிறித்துவக் கல்லூரியும் பட்டணத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. நகரம் தன் மாணவர்களையும் நோயாளிகளையும் ஒரே ரயிலில் ஒரே திசைக்கு அனுப்பியது என்று சொல்லலாம்.

ஏழாயிரம் அடி ஏற வசதியில்லாதவர்களுக்கு இந்தக் குன்றுதான் மலை. சவ்ரி முத்துவின் செயலை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். மலையை ஓர் இனத்தின் உரிமையிலிருந்து எடுத்து, அதன் காற்றை மட்டும் பிரித்து, மின்ரயில் டிக்கெட் விலைக்குக் கொண்டுவந்து வைத்தார். இதில் ஒரு ஜனநாயகம் இருக்கிறது. கூடவே ஓர் ஒதுக்கலும் இருக்கிறது, மறைப்பானேன். நகர எல்லைக்கு வெளியே, தொற்றுநோய்க்காரர்களை ஒரு வளாகத்துக்குள் வைப்பது. சானடோரியம் பக்கம் வீடு பார்க்கவே ஆட்கள் தயங்கிய காலத்தைத் தாம்பரத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1990களில் அந்த மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளிகளை ஏற்றுக்கொண்டு நாட்டின் மிகப் பெரிய சிகிச்சை மையங்களில் ஒன்றானபோது அந்தத் தயக்கம் மறுபடி தலைகாட்டியது. மற்ற மருத்துவமனைகள் பல வாசலிலேயே திருப்பியனுப்பிய காலத்தில் ஏழைகளுக்குக் கதவு திறந்துவைத்த இடம் அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் இந்தச் சொல் வேறு வழியில் போனது. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் பெயர் நமக்கு இன்று வருஷாவருஷம் முதலாளிகளும் மந்திரிகளும் கூடுகிற மாநாட்டால்தான் தெரியும். 1971இல் தொடங்கிய கூட்டம். அதற்கு நூறாண்டு முன்பு அது காசநோயாளிகளின் ஊர். அலெக்ஸாண்டர் ஸ்பெங்க்லர் என்ற ஜெர்மானிய அகதி மருத்துவர் அந்தப் பள்ளத்தாக்கின் குளிர்காற்று நுரையீரலுக்கு மருந்து என்றார். 1890இல் லாண்ட்குவார்ட்டிலிருந்து ரயில் வந்தது. அதுவும் மீட்டர்கேஜ், நம் தாம்பரத்துப் பழைய பாதையும் நீலகிரிப் பாதையும் போல. தாமஸ் மானின் 'மாய மலை' (1924) நாவலின் நாயகன் மூன்று வாரம் தங்க அந்த ரயிலில் ஏறிப்போய் ஏழு வருஷம் தங்கிவிடுகிறான். பனிச்சறுக்கு அங்கே நோயாளிகளின் படுக்கைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தது. 1894இல் கோனன் டாயில் டாவோஸிலிருந்து ஆரோசாவுக்கு மலையைத் தாண்டிப் பனிச்சறுக்கில் போனது பிரசித்தம். அவர் அங்கே இருந்ததற்குக் காரணம் அவருடைய மனைவிக்குக் காசநோய். 1934இல் சறுக்குபவர்களை மேலே இழுத்துச் செல்லும் இழுவைக் கம்பி வந்தது. மலையேற்றத்தின் சுமையைக் கம்பிக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே தோள்கள் அவ்வளவு மலிவாகக் கிடைக்கவில்லை. 1950களில் சானடோரியங்கள் ஓட்டல்களாயின. ஷாட்ஸ்ஆல்ப் சானடோரியம் ஓட்டலானது அப்போதுதான். இன்று சூரிக் விமான நிலையத்தில் இறங்குகிற ஒருவர் இரண்டு மூன்று ரயில் மாறி அதே பாதையில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு போகிறார்.

காசநோய்க்கு மருந்து வந்ததால் சானடோரியங்கள் காலியாயின என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது சரிதான். ஆனால் மருந்து மட்டும் போதும், மலை வேண்டாம் என்று நிரூபித்த இடம் எது? சென்னை. சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இட நெருக்கடி, ஓய்வு கிடையாது. 1959இல் முடிவு வெளியானது: குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. காற்று, ஓய்வு, நல்ல உணவு என்று நூறு வருஷம் கட்டிவைத்த மலையின் கோட்பாடு சென்னைக் குடிசைகளில் வைத்துத் தள்ளுபடியானது. உலகம் முழுக்கக் காசநோய்க் கொள்கை மாறியதற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம். ஆல்ப்ஸின் பனிச்சறுக்கு ஓட்டல்களில் எந்தச் சுவரிலும் இதற்குப் பலகை இருக்காது.

இதில் ஒரு சந்தேகமும் எனக்கு உண்டு. ஏழைக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும் இல்லாமலே குணமாகும் என்று நிரூபிப்பது விஞ்ஞானரீதியில் விடுதலை. அரசாங்கத்துக்கு அது சௌகரியமும்கூட: ஓய்வும் சாப்பாடும் கொடுக்கும் பொறுப்பு போய்விட்டதில்லையா? இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஆய்வை வாசிக்க வேண்டும். டாவோஸின் சானடோரியம் ஓட்டலானது. தாம்பரத்தினுடையது ஆஸ்பத்திரியாகவே இருக்கிறது. நம்முடைய காசநோயாளிகள் தீரவில்லை.

1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் தப்பிய தமிழர்கள் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். இன்று சுமார் 50,000 பேர் என்கிறார்கள். பலருக்கு முதலில் கிடைத்தது உணவகச் சமையலறை வேலை. பாத்திரம் கழுவுதல், காய்கறி நறுக்குதல், கூட்டிப் பெருக்குதல். மலையோரச் சுற்றுலா ஓட்டல்களின் சமையலறைகளும் அதில் அடக்கம். பெரும்பாலானவர்கள் அங்கே போனது விமான நிலையத்திலிருந்து நேராக அல்ல. எல்லைகளை இரவில் நடந்தும், வண்டிக்குள் ஒளிந்தும், ஏஜெண்டுக்குக் காணி விற்ற காசைக் கொடுத்தும். மலைக்குப் போகும் வழி என்று பயணக் கையேடுகள் வரைகிற வரைபடத்தில் இந்த வழி வராது. நீலகிரி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் விண்டர்தூர் என்ற சுவிஸ் ஊரில் செய்யப்பட்டவை. அந்த எஞ்சின் நம் மலைக்கு வந்தது, நம் ஆட்கள் அந்த ஊர்ப் பக்கம் போனார்கள். இரண்டு பயணத்துக்கும் இடையில் எந்தத் தர்க்கத் தொடர்பும் இல்லை என்று சொல்பவர்களோடு நான் சண்டை போடமாட்டேன்.

அமெரிக்கர்கள் கொடைக்கானலுக்கு இரண்டாவது முறை வந்தது 1983இல். நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து ஒரு வெப்பமானித் தொழிற்சாலை பெயர்க்கப்பட்டுப் பாம்பார் சோலைக்கு மேலே நிறுவப்பட்டது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் வெளியிலிருந்து வரும், வெப்பமானிகள் முதன்மையாக அமெரிக்காவுக்குப் போகும். 2001 மார்ச்சில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் காயலான் கடையில் கிடப்பதை உள்ளூர் மக்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்கே திருப்பியனுப்பப்பட்டது. தொழிலாளர்கள் பதினைந்து வருஷம் போராடி, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு கையெழுத்தானது. வெள்ளை உடலின் சூட்டைக் குறைக்கக் கண்டுபிடித்த மலையில், வெள்ளை உடலின் சூட்டை அளக்கும் கருவி தயாராகி, அதைத் தயாரித்த உடல்கள் நோயைச் சொல்லி நீதிமன்றப் படியேறின. இதற்குக் கோட்பாட்டு விளக்கம் எழுத உட்கார்ந்தால் நிகழ்ச்சியே கோட்பாட்டைவிடத் தெளிவாக இருக்கிறது.

கொடைக்கானல் ஓட்டல் ஒன்றுக்கு விதியை மீறி ஏழு மாடிக்கு அனுமதி கொடுத்த வழக்கில் 2000 பிப்ரவரி 2ஆம் தேதி ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது. (2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.) தீர்ப்பு வந்த அன்று தருமபுரியில் கல்விச் சுற்றுலா முடித்து வந்துகொண்டிருந்த வேளாண்மைக் கல்லூரிப் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் செத்தார்கள். அந்தச் சம்பவம் தமிழ் நினைவில் கட்சி வன்முறையாகப் பதிந்திருக்கிறது, சரியாகத்தான் பதிந்திருக்கிறது. அதன் தொடக்கப் புள்ளி மலைச்சரிவில் ஒரு சுற்றுலாக் கட்டடம் என்பது மட்டும் மறந்துபோய்விட்டது.

போகிற வழி இப்போது எண்ணிக்கைக்கு வந்திருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரலில் வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கட்டுப்பாடு தேவைதான் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. விடுமுறை நாளில் பெருமாள்மலைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். அரசுப் பேருந்தில் போகிறவருக்கு அந்த பாஸ் தேவையில்லை என்பதும் நல்ல விஷயம். ஆனால் எண்ணப்படுவது வாகனம். மேலே ஏற்கனவே எழுந்து நிற்கும் கட்டடங்களும், அவை இழுக்கும் தண்ணீரும் இந்தக் கணக்கில் இல்லை. கீழேயும் இதே கதைதான். மீனம்பாக்கத்தில் அடையாற்றின் மேல் பாலம் போட்டு ஓடுதளத்தை நீட்டினோம். 2015 டிசம்பரில் ஆறு ஓடுதளத்துக்கு வந்தது, விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. மறு விமான நிலையத்துக்குப் பரந்தூரில் ஏரிகளையும் வயல்களையும் கேட்டபோது, ஏகனாபுரத்துக்காரர்கள் 2022இல் உட்கார்ந்தவர்கள் ஆயிரம் நாட்களைத் தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து கும்பக்கரை வழியாக ஏறும் பழைய பாதை ஒன்றின் மேல் வெள்ளகெவி என்று ஓர் ஊர் இருக்கிறது. கொடைக்கானல் ஊராவதற்கு முன்பிருந்தே இருக்கும் ஊர். ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. 1914இல் மோட்டார் சாலை வேறு பக்கமாகப் போனதும் இந்தப் பாதை கைவிடப்பட்டது. அதற்குப் பின் நூறாண்டுக்கு மேல் வெள்ளகெவிக்குச் சாலை கிடையாது. பிரசவ வலி எடுத்தால், பாம்பு கடித்தால், ஆட்கள் கம்பில் போர்வையைக் கட்டி டோலியாக்கி வட்டக்கானலுக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள், இல்லையென்றால் கும்பக்கரைக்குக் கீழே இறக்கினார்கள். அமெரிக்க நோயாளிகளைத் தூக்கியதும் இந்த மலைச்சரிவில்தான். அப்போது சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் யாராவது இந்த டோலிகளுக்குத் தோள் கொடுத்தார்களா என்பதைக் கேட்டு எழுத வேண்டும். பெரியகுளம், வத்தலக்குண்டுப் பக்கம் இருக்கும் தோழர்கள் தோப்பிலும் அடிவாரக் கிராமங்களிலும் எண்பது வயது தாண்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பதிவுசெய்தால் நல்லது. நாற்காலிக்கு எத்தனை பேர், யார் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், எந்தச் சாதியை நாற்காலிக்கும் எந்தச் சாதியைத் தலைச்சுமைக்கும் வைத்தார்கள், கூலியை யார் வாங்கி யார் பிரித்தார்கள், வழியில் எங்கே இறக்கி வைத்துக் கஞ்சி குடித்தார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டி சொன்னதாகவாவது கொஞ்சம் கிடைக்கும்.